ஆக்கள் வருவினம்

1990 ஆவணியில், போர் காரணமாக வேலணையை விட்டு வெளிக்கிட்டோம். வள்ளத்தில் அராலிக்கரை, அங்கிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் யாழ்ப்பாணத்து ஊர் ஒன்று. எனக்குப் பத்து வயது. அம்மாவின் தூரத்து உறவுக்காரர் தங்கள் வீட்டுப் பின்பத்தியை ஒதுக்கித் தந்தார்கள். இரண்டு கிழமை கழிந்ததும் அப்பா என்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடுகைப் பத்திரம் இல்லை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை, வெள்ளைச் சேட்டுக்கூட இல்லை. அதிபர் ஒன்றையும் கேட்கவில்லை. "பிள்ளை படிக்கட்டும்" என்று பதிவேட்டில் பெயரை எழுதினார். அந்த மனிசனை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வகுப்புக்குள் போனேன். நாலு பேர் இருக்கக்கூடிய வாங்கு ஒன்றில் மூன்று பேர் இருந்தார்கள். கிட்டப் போய் நின்றேன். ஓரத்தில் இருந்தவன் தன் புத்தகப் பையைத் தூக்கி வெறும் இடத்தில் வைத்தான்.

"இஞ்ச இடமில்லை. ஆக்கள் வருவினம்."

அடுத்த வாங்குக்குப் போனேன். அங்கேயும் ஆக்கள் வருவினமாம். கடைசியில் சுவரோரம் கால் ஆடுகிற ஒரு வாங்கில் தனியே இருந்தேன். அந்த ஆக்கள் அன்றைக்கு வரவில்லை. அந்தத் தவணை முழுக்கவும் வரவில்லை.

அந்தக் கிழமையே எனக்குப் புதுப்பெயர் ஒன்றும் கிடைத்தது: தீவான். தீவுப்பகுதிக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் விளங்குமோ தெரியாது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் யாழ்ப்பாண மாவட்டம்தான். பேசுவதும் ஒரே தமிழ், கும்பிடுவதும் ஒரே சாமிகள். ஆனாலும் தீவுகளை யாழ்ப்பாணத்தில் இருந்து பிரிக்கும் பண்ணைக் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த சிலர் எங்களை ஒருபடி கீழே வைத்துத்தான் பார்த்தார்கள். தண்ணியில்லாத ஊர்க்காரர், கடைக்காரர், நாகரிகம் தெரியாதவர் என்று கல்யாணப் பேச்சிலும் சந்தைப் பேச்சிலும் வந்து விழும். பெரியவர்களின் வாயில் இருந்ததைத்தான் பிள்ளைகள் வகுப்புக்குள் கொண்டு வந்தார்கள். 1990, 91 இல் தீவுகளில் இருந்து அத்தனை குடும்பங்கள் வந்து இறங்கியபோது, யாழ்ப்பாணத்தில் அரிசி தந்தவர்களும் இருந்தார்கள், தீவான் என்றவர்களும் இருந்தார்கள். சில வீடுகளில் இரண்டும் ஒரே ஆக்கள்தான்.

இந்தக் கதையை நான் பல தடவை பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் பாவப்பட்டவன் நான்தான். இதற்கு முந்திய கதையை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வேலணையில் நான் நாலாம் ஆண்டு படித்தபோது எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். சீவல் தொழில் செய்யும் குடும்பம். கணக்கில் சூரன், என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் எங்கே இருக்கவேண்டும் என்று எந்த ரீச்சரும் சொன்னதில்லை. ஆனால் அவன் எப்போதும் கடைசி வாங்கில், அவனுடைய சொந்தக்காரப் பையன் ஒருவனோடு. ஒருநாள் அந்தப் பையன் வரவில்லை. மழை. கடைசி வாங்கில் கூரை ஒழுகியது. அவன் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் வாங்கடிக்கு வந்தான். நான்தான் ஓரத்தில் இருந்தேன். நான்தான் சொன்னேன்: "இஞ்ச ஆக்கள் வருவினம்."

எனக்கு அந்த வசனத்தை யார் படிப்பித்தது? வீட்டில் ஒருவரும் "அவனோடு இராதே" என்று சொன்னதாக நினைவில்லை. ஆனால் அவனுடைய அப்பா எங்கள் வளவுக்குப் பனை சீவ வந்தால் முற்றத்தோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆச்சி அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும் பேணி வேலியோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாங்கில் நான் செய்தது அதையேதான். பேணிக்குப் பதிலாகப் புத்தகப்பை.

வாங்கு என்ற சொல்லே எங்களுக்குப் போர்த்துக்கேயர் தந்தது. கதிரையும் மேசையும் அப்படித்தான்.   கதிரையும் வாங்கும் வந்து சேர்ந்த நாளில் இருந்தே, அதில் யார் இருக்கலாம், யார் கீழே இருக்கவேண்டும் என்ற வழக்கும் எங்களோடு கூடவே வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் அந்த வழக்கு தெருவுக்கு வந்தது 1920களில். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடங்கள் அப்போதும் இருந்தன. சேர்த்துக்கொண்டு நிலத்தில் இருத்தின. மற்றப் பிள்ளைகள் வாங்கில். சில இடங்களில் அந்தப் பிள்ளைகளுக்குக் கொட்டிலுக்கு வெளியேதான் இடம். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் இயக்கம் இதை எதிர்த்துக் கதைத்தது. யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடி. 1927 கார்த்திகையில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்கள்தான். தீண்டாமையைப் பற்றி அவர் இங்கேயும் பேசிவிட்டுப் போனார்.

பேச்சைக் கேட்டு வாங்குகள் நகரவில்லை. 1929, 30 காலத்தில் கல்வித் திணைக்களம் உத்தரவு போட்டது: அரசாங்கத்தின் உதவி நன்கொடை பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும். பிறகு என்ன நடந்தது என்பதை எங்கள் பாடப்புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை. பெற்றோர் பிள்ளைகளை மறித்தார்கள். மனுப் போட்டார்கள். சில பள்ளிக்கூடங்களை இரவில் கொளுத்தினார்கள். கிடுகுக் கொட்டில்கள், எரிய எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? பக்கத்துப் பிள்ளை அதே வாங்கில் இருப்பதைப் பார்க்கிலும் தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்லாமற்போவது பரவாயில்லை என்று நினைத்த தகப்பன்மார் இருந்த ஊர் இது. யாழ்ப்பாண வாசிகசாலை எரிந்ததை நாங்கள் நாற்பது வருசத்துக்கு மேலாகச் சொல்லி அழுகிறோம், அழத்தான் வேண்டும். நாங்களே எரித்த பள்ளிக்கூடங்களையும் அதே மூச்சில் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் உத்தரவு நின்றது. மெல்ல மெல்ல, முணுமுணுத்துக்கொண்டே, பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்தார்கள். மனம் மாறட்டும் பிறகு வாங்கை மாற்றுவோம் என்று காத்திருந்தால் என் அப்பாவின் காலத்திலும் நிலத்தில் இருந்திருப்பார்கள். இதை நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகளுக்கு நல்ல கதை சொல்லி, அன்பாய் இருங்கோ என்று கேட்டால் போதும் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அன்பு வரும்போது வரட்டும். யார் எங்கே இருப்பது என்பதை வளர்ந்தவர்கள் இன்றைக்கே தீர்மானிக்கலாம்.

அப்பா 1950களில் தீவிலேயே படித்தவர். அவருடைய வகுப்பில் எல்லோரும் வாங்கில்தான். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்றுதான் எப்போதும் சொல்வார். போன வருசம் கடைசியாகக் கதைத்தபோது கொஞ்சம் தோண்டிக் கேட்டேன். "தண்ணி, அப்பா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எங்கள் தீவுகளில் நல்ல தண்ணி என்றால் பொன். கிணறு வெட்டினால் அநேகமாக உவர். சாட்டிப் பக்கத்து மணற்பாங்கில் ஊறும் தண்ணிதான் பல ஊர்களுக்குப் போகும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பானை தண்ணி வரும். அதற்கு ஒரு மூடி, ஒரு செம்பு. பெரிய வகுப்புப் பொடியன் ஒருவன் காவல். எல்லோரும் செம்பால் அள்ளிக் குடிப்பார்கள். சிலருக்கு மட்டும் காவல்காரப் பொடியன் உயரத்தில் இருந்து ஊற்றுவான், அவர்கள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடிப்பார்கள். "பாதித் தண்ணி நிலத்தில சிந்தும் மோனை" என்றார் அப்பா. "வெயிலுக்குள்ள கிட்டி அடிச்சுப்போட்டு வந்து நிப்பாங்கள். அரைக் கை தண்ணி. மற்றவங்கள் சிரிப்பாங்கள், சட்டை நனைஞ்சு போச்செண்டு." அந்தக் காவல்காரப் பொடியன் அப்பாதானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைச் சொல்லி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேரவிடாமல் தடுப்பது குற்றம் என்றது. செம்பைப் பற்றி எந்தச் சட்டத்தில் எழுதுவது? அதே யாழ்ப்பாணத்தில், 1927 இல் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்த டொமினிக் ஜீவா, ஆசிரியர் ஒருவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதால் சிறுவயதிலேயே படிப்பை விட்டவர். அவருக்குப் பதிவேட்டில் பெயர் இருந்தது. ஒரு வாய்ச்சொல் அவரை வெளியே தள்ளியது. அவர் பிறகு எழுத்தாளராகி, 1966 இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கி, நாற்பது வருசத்துக்கு மேல் நடத்தினார். இதைச் சொன்னதும் "பார்த்தியா, அவமானம் அவரை உயர்த்திவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அப்படி வெளியே போன எத்தனை பிள்ளைகளுக்கு மல்லிகை கிடைத்தது?

யாழ்ப்பாணத்து வகுப்புக்குத் திரும்ப வருகிறேன்.

இரண்டாம் தவணையில் எங்களுக்கு ஒரு புது ரீச்சர் வந்தார். மெலிந்த மனுசி, பருத்தித்துறைப் பக்கம், குரலே எடுக்கமாட்டார். வந்த முதல் திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் வெளியே வரிசையில் நிற்கவைத்து, பேர் வாசித்து, ஒவ்வொரு வாங்குக்கும் நாலு பேராக இருத்தினார். அடுத்த திங்கள் வேறு நாலு பேர். அதற்கடுத்த திங்கள் வேறு. ஏன் என்று விளக்கம் சொல்லவில்லை. தீவுப் பிள்ளைகள் பாவம், அவர்களோடு சேருங்கோ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் செத்தே போயிருப்பேன். ஒரு வாங்குக்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்குச் சிமினி துடைக்கும் வேலை, ஒரு வாங்குக்குக் கரும்பலகை, ஒரு வாங்குக்குத் தண்ணி. நாலு பேரும் சேர்ந்து செய்தால்தான் முடியும்.

புத்தகப் பையை இடத்தில் வைத்தவன் ஐந்தாம் கிழமை என் பக்கத்தில் வந்தான். இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வாங்கின் முறை, தண்ணி அள்ளப் போனோம். துலாக் கிணறு. நான் தீவில் உவர்க்கிணற்றில் அள்ளிப் பழகியவன், வேகமாக அள்ளினேன். "நல்லா அள்ளுறாய்" என்றான். அவ்வளவுதான். பிறகு 1995 இடம்பெயர்வில் அவன் குடும்பமும் எங்கள் குடும்பமும் தென்மராட்சியில் ஒரே கொட்டிலில் இருந்தோம். அது வேறு கதை.

அந்த வகுப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். செல் துண்டு பட்டு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போன பொடியன் ஒருவன் எங்களோடு படித்தான். ஜெய்ப்பூர் காலோடு வருவான். அவனை ஒருவரும் பகிடி பண்ணியதில்லை. புத்தகம் தூக்கிக்கொடுப்போம், சைக்கிளில் ஏற்றிப்போவோம். அதே வகுப்பில் பிறவியிலேயே காது சரியாகக் கேளாதவன் ஒருவனும் இருந்தான். அவனை மட்டும் நாங்கள் சும்மா விடவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டுச் சிரிப்போம். நாங்கள் என்றால் நானும்தான். தீவான் என்று பெயர் வாங்கியவனும் சிரித்தேன். எங்கள் ஊர் மதித்த காரணத்தால் வந்த குறைக்கு ஒரு மரியாதை, காரணம் இல்லாமல் வந்த குறைக்கு ஒரு பகிடி. பிள்ளைகள் இந்தக் கணக்கை எவ்வளவு சுத்தமாகப் படித்துக்கொள்கிறார்கள்! கேளாதவன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

அவனை நினைத்துக்கொண்டுதான் இந்த முறை ஊருக்குப் போனபோது நெடுந்தீவுக்கும் போனேன். அங்கே படிப்பிக்கும் சினேகிதன் ஒருவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, மாவிலித்துறையில் இறங்கினால், பவளக்கல் அடுக்கிய வேலிகளும் வெயிலும். சினேகிதனின் வகுப்பில் காது கேட்பது குறைந்த ஒரு சின்னப் பிள்ளை. கேளாத, பார்வையில்லாத பிள்ளைகளுக்கென்று கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. நல்ல பள்ளிக்கூடம், எத்தனையோ பேரை வளர்த்துவிட்ட இடம். ஆனால் நெடுந்தீவில் இருந்து கைதடிக்குக் கடலும் தீவுகளும் நகரமும் தாண்டவேண்டும். ஆறு வயதுப் பிள்ளையைத் தாயிடம் இருந்து பிரித்து விடுதியில் விடவேண்டும். தாய் மாட்டேன் என்றாள். "அப்ப நான் படிக்கவேண்டியதாய்ப் போச்சு" என்றான் சினேகிதன்.

அவன் படித்தது என்ன என்று கேட்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைப்பதில்லை. எழுதி முடித்துத் திரும்பிய பிறகுதான் வாய் திறப்பான். யன்னலுக்கு முதுகு காட்டி நிற்பதில்லை, வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. மற்றப் பிள்ளை ஒன்று விடை சொன்னால், அதைத் தானும் ஒருமுறை சொல்வான். வாங்குகளை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போட்டிருக்கிறான், எல்லோருடைய முகமும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்படி. "இதில ஒரு புதினம் மச்சான்" என்றான். "நான் திரும்பி நிண்டு கதைக்காமல் விட்ட பிறகு மற்றப் பிள்ளையளுக்கும் பாடம் நல்லா விளங்குது."

மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகளுக்காக இலங்கையில் 1996 இலேயே சட்டம் வந்துவிட்டது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை 2016 இல் நாடு ஏற்று உறுதி செய்தது. அந்தக் கடதாசிகள் நெடுந்தீவு இறங்குதுறையை இன்னும் தாண்டவில்லை. படகில் ஏற ஒரு பலகை. நடக்க முடியாத பிள்ளை ஒன்று என்றால், அந்தப் பலகையில் சக்கர நாற்காலி எப்படி ஏறும்? ஆக்கள்தான் தூக்கவேண்டும். தூக்குகிறார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் பிறத்தியார் கையில் தொங்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்றால், அந்தப் பிள்ளை எத்தனை நாள் போகும்? சாய்தளமும், அப்படியான பிள்ளைகள் தனியே போகக்கூடிய மலசலகூடமும் கேட்டு எழுத வேண்டிய கடிதங்களை நானும் சினேகிதனும் அன்றிரவு உட்கார்ந்து எழுதினோம்.

திரும்பும் வழியில் ஊர்காவற்றுறைக்குப் போனேன். காரைநகருக்குக் கடக்கும் பாதைக்காகத் துறையில் நின்றுகொண்டிருந்தேன். வெளியூர் வாசகருக்குச் சொல்கிறேன், பாதை என்பது எங்களுக்கு ரோட்டு இல்லை, ஆக்களையும் வாகனங்களையும் கடலில் கடத்தும் மிதவை. பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு ஒருவர். நரைத்த தலை. என்னை உற்றுப் பார்த்தார். நான்தான் முதலில் இனங்கண்டேன்.

கடைசி வாங்குக்காரன்.

வவுனியாவில் பல வருசம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறான். மேசன் வேலை. சொந்தமாக ஆட்கள் வைத்துச் செய்கிறான். ஊரில் யார் இருக்கிறார்கள், யார் கனடா, யார் இல்லை என்று கொஞ்சம் கதைத்தோம். நான் அந்த மழைநாளைச் சொன்னேன். முப்பத்தைந்து வருசம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை ஒரு துறையில் நின்று சொல்வது சுகமில்லை. என்னுடைய பிழை என்றேன்.

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மழை ஞாபகமிருக்கு" என்றான். "சொன்னது நீயெண்டு ஞாபகமில்லை. கனபேர் சொல்லியிருக்கினம்."

அதற்கு என்ன மறுமொழி சொல்வது? சும்மா நின்றேன். அவனே கொஞ்ச நேரத்தால் மகளைப் பற்றிச் சொன்னான். ஐந்தாம் ஆண்டு, புலமைப்பரிசில் சோதனை எடுக்கப் போகிறாள், கணக்கில் தகப்பனைப் போல.

"வகுப்பில எப்பிடி? ஆரோட இருக்கிறாள்?" என்று கேட்டேன். கேட்டது எதற்கென்று அவனுக்கு விளங்கியது.

"வகுப்பில மொத்தம் ஆறு பிள்ளையள்" என்றான். "ரெண்டு வாங்கு. எல்லாரும் ஒண்டாத்தான் இருக்குதுகள். வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போனது போக மிச்சம் இவ்வளவுதான். இனி ஆர் வாறது?"

பாதை வந்து கரையில் முட்டியது. அவன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினான். பலகை வழுக்கலாக இருந்தது, பின்னால் ஒரு கை பிடித்துக் கொடுத்தேன்.